மூச்சுப் பிடிப்பும் மூச்சு விடுதலும்

"ஷ்வாஸ் சோடா, காகா! ஷ்வாஸ் சோடா!"

2004-ஆம் ஆண்டு, டோம்பிவிலியில் ஒரு பிசியோதெரபி நிலையம். மேசைமேல் மல்லாந்து கிடக்கிறேன். கழுத்தை இடப்பக்கம் திருப்பவே முடியாமல் பத்து நாள் ஆகிறது. என் மகள் வயதிருக்கும் அந்தப் பெண் தலையை இரு கையாலும் தாங்கிக்கொண்டு திரும்பத் திரும்ப இதையே சொல்கிறாள். மும்பைக்கு வந்து இருபத்தைந்து ஆண்டு ஓடியிருந்தாலும் நம்ம மராத்தி காய்கறிக் கடையைத் தாண்டியதில்லை. வலி வேறு. "இந்த நேரத்துல எதுக்குடா சோடா கேக்கறா?" என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் விளங்கியது. மராத்தியில் 'சோடா' என்றால் 'விடுங்கள்'. மூச்சை விடுங்க, காகா, மூச்சை விடுங்க என்று அந்தப் பெண் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

நான் மூச்சைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. அவள் சொன்ன பிறகு விட்டேன். விட விட, கழுத்து அவள் கைக்குள் ஒரு விரற்கடை கூடத் திரும்பியது. மருந்தில்லை, ஊசியில்லை. அன்று தொடங்கிய ஆர்வந்தான் இக்கட்டுரை.

நான் மருத்துவன் அல்லன், யோகாசிரியனும் அல்லன். கணக்குப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டு குப்பை கொட்டி ஓய்வுபெற்றவன். தினமும் வி.டி.க்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டே பயணம், பிறகு எட்டு மணி நேரம் குனிந்தபடி வேலை, மறுபடி அதே பயணம். கழுத்தும் இடுப்பும் கெடுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறு கிடையாது. மலரின் வாசகர்களில் பாதிப் பேர் என்னைப் போன்றவர்கள்தாம் என்பதால், படித்ததையும் பட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் நம் தமிழையே எடுத்துக்கொள்வோம். குடத்தைத் தூக்கும்போது முதுகில் சுரீரென்று பிடித்தால் ஊரில் என்ன சொல்வோம்? "மூச்சுப் பிடிச்சுக்கிச்சு" என்போம். பிடித்துக்கொண்டது தசை, ஆனால் பெயர் மூச்சின்மேல். இந்தப் பெயரை வைத்தவர் யாரோ, நன்றாகக் கவனித்துத்தான் வைத்திருக்கிறார். விலா எலும்புகளுக்கு இடையிலோ முதுகிலோ தசை இறுகினால் ஆழமாக மூச்சிழுக்க முடியாது. மேலோட்டமாக மூச்சுவிட்டால் அந்த இடம் அசையாது, அசையாத இடம் மேலும் இறுகும். இரண்டும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்கின்றன.

குழந்தைக்கு முட்டி சிராய்த்தால் எங்கள் ஆச்சி மடியில் போட்டு "ஊ... ஊ..." என்று ஊதுவாள். குழந்தையும் அழுகையை நிறுத்திவிட்டு உடன் சேர்ந்து ஊதும். ஆச்சி ஊதியதால் காயம் ஆறிவிடாது. ஆனால் குழந்தை ஊதியதே, அது நீளமான வெளிமூச்சு. உலக்கை போடும் பெண்கள் குத்துக்குக் குத்து 'ஹும்' என்று விடுவதும், காய்ச்சலில் கிடப்பவர் முனகுவதும், வேலை முடிந்து திண்ணையில் உட்காரும்போது 'அப்பாடா' என்று வருவதும் இதே இனம். முனகினால் "என்ன ஆம்பளை நீ" என்று கேலி செய்கிறோம். முனகுகிறவன் தன்னை அறியாமல் மூச்சை நீட்டி விட்டுக்கொண்டிருக்கிறான். அவனைக் கேலி செய்யாதீர்கள்.

இனி உடலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். மூச்சுக்கு முதன்மையான தசை உதரவிதானம். நெஞ்சறைக்கும் வயிற்றுக்கும் நடுவே கவிழ்த்த கிண்ணம்போல் இருப்பது. அது இறுகும்போது கீழே இறங்கும். நுரையீரலுக்கு இடம் கிடைக்கும். வயிறு சற்று முன்தள்ளும். தளரும்போது மேலே ஏறும். காற்று தானாக வெளியேறும். ஓய்வாக இருக்கையில் மூச்சு விடுவதற்குத் தனி உழைப்பே வேண்டியதில்லை. ஓடும்போதோ பயப்படும்போதோ இது போதாமல் கழுத்துத் தசைகளும் தோள்தசைகளும் உதவிக்கு வந்து விலாக்கூட்டை மேலே தூக்குகின்றன. அவசரத்துக்கு வரவேண்டிய ஆட்கள் அவர்கள். கவலையிலும் வலியிலும் கோபத்திலும் நாள் முழுக்க மேல்நெஞ்சாலேயே மூச்சு விடுகிறவனுக்கு இந்தத் தற்காலிக ஊழியர்கள் நிரந்தரமாகிவிடுகிறார்கள். சாயங்காலம் கழுத்தும் பொட்டும் ஏன் வலிக்காது?

கணக்கனாகையால் ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் நாளுக்கு 21,600. இந்த எண் நம்மவர்களுக்குப் பழக்கமானது. சிதம்பரம் பொன்னம்பலத்தின் கூரையில் 21,600 பொன்னோடுகள் என்று சொல்லி, நாளைய மூச்சோடு இணைத்துப் பேசுவது மரபு. ஒரு மூச்சுக்கு ஏறக்குறைய அரை லிட்டர் காற்று. அதில் சுமார் 150 மில்லிலிட்டர் மூக்கிலும் தொண்டையிலும் மூச்சுக்குழல்களிலும் நின்றுவிடுகிறது, இரத்தத்தோடு உறவாடுவதில்லை. ஆக, 15 மூச்சில் உள்ளே போவது ஏழரை லிட்டர், பயன்படுவது ஐந்தே கால் லிட்டர். இதே ஏழரை லிட்டரை ஒருவர் படபடவென்று 30 சிறு மூச்சுகளாக இழுத்தால், ஒவ்வொன்றும் 250. அதில் 150 வழிச்செலவு. பயன்படுவது மூன்றே லிட்டர். ஆறு பெரிய மூச்சுகளாக இழுத்தால், ஒவ்வொன்றும் 1,250, பயன்படுவது 6.6 லிட்டர். காற்று அதே காற்றுதான், தரகு மட்டும் மாறுகிறது. அதற்காக ஆழமான மூச்சை வேகவேகமாக இழுக்கக்கூடாது. அப்படிச் செய்தால் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, தலை சுற்றும், விரல்நுனி மதமதக்கும். பயந்துபோனவர்களுக்கு வரும் மதமதப்பு பெரும்பாலும் இதுதான். கரியமில வாயு வெறும் கழிவு என்று பள்ளியில் படித்ததைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். இரத்தத்தில் அது ஓரளவு இருந்தாக வேண்டும்.

அடுத்தது இதயம். கைநாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்துப் பாருங்கள்; நாடி சற்று விரையும். நீளமாக விடுங்கள், தணியும். மூளையிலிருந்து இறங்கி இதயம், நுரையீரல், குடல் எல்லாவற்றையும் தொட்டுச் செல்லும் வேகஸ் நரம்பின் வேலை இது. பெயர்தான் வேகஸ், செய்வது வேகத்தைக் குறைப்பது! வெளிமூச்சின்போது அதன் கை ஓங்குகிறது. வலியைத் தணிக்க விரும்புகிறவர்கள் உள்மூச்சைவிட வெளிமூச்சை நீட்டுங்கள் என்பதன் காரணம் இவ்வளவுதான். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பூரகத்துக்கு 16, கும்பகத்துக்கு 64, இரேசகத்துக்கு 32 மாத்திரை என்று கணக்கு வைக்கிறார். விடுவது இழுப்பதைப்போல் இருமடங்கு. நடுவில் உள்ள 64 நமக்கு உரியதல்ல; அது குருவிடம் பல ஆண்டு பயின்றவர்களுக்கு. முதலையும் மூன்றாவதையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த ஒன்றுக்கு இரண்டு என்னும் விகிதத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்.

2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. இத்தாலிய ஆய்வாளர் பெர்னார்டியும் குழுவினரும், உடல்நலமுள்ள 23 பேரை லத்தீன் மொழி ஜெபமாலையையும் 'ஓம் மணி பத்மே ஹூம்' மந்திரத்தையும் சொல்லவைத்து மூச்சையும் நாடியையும் அளந்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. தேவாலயமும் மடாலயமும் ஒரே தாளத்துக்கு வந்திருக்கின்றன. முழங்கால் வாதத்தோடு கடைசிப் பத்தாண்டு கிடந்த என் தாயார், வலி கூடும் இரவுகளில் முணுமுணுவென்று நாமம் சொல்லிக்கொண்டிருந்ததை நாங்கள் பக்தி என்று மட்டும் நினைத்தோம். இம்மும்பைப் பக்கத்திலேயே, லோணாவ்ளாவில் சுவாமி குவலயானந்தர் 1924-இல் கைவல்யதாமத்தைத் தொடங்கி, யோகப் பயிற்சிகளை ஆய்வுக்கூடத்தில் அளக்க முற்பட்டார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ரயிலில் அந்த வழியாகப் போகிற நம்மில் பலருக்கு லோணாவ்ளா என்றால் சிக்கி மட்டும்தான் நினைவுக்கு வருகிறது.

சரி, மூச்சுக்கும் வலிக்கும் என்ன தொடர்பு? 1933-இல் கிராண்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கில மகப்பேற்று மருத்துவர் இயற்கைப் பேறு பற்றிய தம் நூலை வெளியிட்டார். பயம் இறுக்கத்தைத் தரும், இறுக்கம் வலியைக் கூட்டும், வலி மீண்டும் பயத்தைக் கூட்டும் என்பது அவர் கருத்து. பிரெஞ்சு மருத்துவர் லமாஸ் 1951-இல் சோவியத் நாட்டில் பார்த்துவந்த முறையைப் பாரிசில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். மூச்சுப் பயிற்சி அதன் முக்கியக் கூறு. 1965-இல் மெல்சாக், வால் என்ற இருவர் முதுகுத்தண்டில் ஒரு வாயில் இருப்பதுபோலவும், வலிச்செய்தி அதன் வழியே கூடவோ குறையவோ செல்லலாம் என்றும், மூளையே அந்த வாயிலை ஓரளவு ஒடுக்கலாம் என்றும் விளக்கினார்கள். நுணுக்கங்கள் பின்னர் மாறினாலும் அடிப்படை நிற்கிறது. அடிபட்ட அளவும் வலிக்கிற அளவும் ஒன்றல்ல. அதனால் "வலியெல்லாம் மனசுதான்" என்று யாரும் சொல்லிவிடாதீர்கள், எனக்குக் கோபம் வரும். வலி உண்மையானது. அதைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள் பல. அவற்றுள் நம் கைக்கு எட்டுவது மூச்சு ஒன்றுதான். இதயத்தை மெதுவாகத் துடி என்றால் கேட்காது, குடலைச் சும்மா இரு என்றால் கேட்காது. மூச்சு தானாகவும் நடக்கும், சொன்னாலும் கேட்கும்.

செய்யும் முறை எளிது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, காலுக்கடியில் ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை நெஞ்சில், ஒரு கை தொப்புள்மேல். முதல் இரண்டு நிமிடம் எதையும் மாற்றாமல் எந்தக் கை அசைகிறது என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலோருக்கு நெஞ்சுக் கைதான் அசையும். எனக்கு வயிறு உள்ளே வேறு போயிற்று! பிறகு வாயைக் குவித்து, சூடான காபியை ஊதி ஆற்றுவதுபோல மெல்ல விடுங்கள். முதலில் விடுவது, பிறகுதான் இழுப்பது. இதைப் பலரும் மாற்றிச் செய்கிறார்கள். காலியான பிறகு மூக்கின் வழியே தானாக உள்ளே வரட்டும். மனத்துக்குள் மூன்று எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடலாம். பழகப் பழக நான்கும் எட்டுமாகும். முட்டினால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை விடும்போதும் ஓர் இடத்தைத் தளர்த்த வேண்டும்: ஒருமுறை தாடை, ஒருமுறை தோள், ஒருமுறை உள்ளங்கை. பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு மட்டும் விட்டால் பயனில்லை. ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம், காலை மாலை இருவேளை. வலி இல்லாத நாளில் பழகினால்தான் வலிக்கிற நாளில் வரும். தீப்பிடித்த பிறகு கிணறு வெட்ட முடியாது.

பாரம் தூக்கும்போது, அது கேஸ் சிலிண்டராகட்டும் பேரக்குழந்தையாகட்டும், தூக்குகிற கணத்தில் மூச்சை விட வேண்டும். அடக்கிக்கொண்டு முக்கினால் வயிற்றினுள் அழுத்தம் ஏறும், இரத்தக் கொதிப்பும் ஏறும். கழிப்பறையிலும் இதே விதிதான். எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

எல்லா வலிக்கும் இது ஒரே அளவில் உதவாது. இங்கேதான் நம் மொழி கைகொடுக்கிறது. பிடிப்பு, இசிவு, குடைச்சல், கடுப்பு, உளைச்சல், குத்தல், எரிச்சல், விண்விண்ணென்று தெறிப்பது என்று எத்தனை சொல் வைத்திருக்கிறோம்! இங்கே மருத்துவரிடம் போனால் 'தர்த்' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு வருகிறோம். இங்கேயே பிறந்த நம் பிள்ளைகளுக்கு அந்தச் சொற்களே தெரியாது. என் அனுபவத்தில் பிடிப்பும் இசிவும் மூச்சுக்கு நன்றாகக் கட்டுப்படும். அலைபோல் வந்துபோகிற பேற்று வலிக்கும் உதவும். 2012-இல் என் மகளின் பேற்றின்போது ஒன்று கண்டோம். ஒவ்வொரு வலியும் ஏறக்குறைய ஒரு நிமிடம் நீடித்தது. மெதுவாக விட்டால் ஆறு மூச்சு. "அம்மா, ஆறு எண்ணிட்டா இது போயிரும்" என்று அவளே சொல்லிக்கொண்டாள். வலி குறைந்ததா என்று பிறகு கேட்டேன். "குறையலப்பா, ஆனா எப்ப முடியும்னு தெரிஞ்சுது" என்றாள். நரம்பில் வரும் எரிச்சலுக்கும் மதமதப்புக்கும் இதன் பயன் குறைவு, அவற்றுக்கு மருத்துவர்தான்.

என் மனைவிக்குச் சர்க்கரை உண்டு. 2016-இல் வலத் தோள் இறுகிவிட்டது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். தலை பின்ன முடியவில்லை, மேல்தட்டில் இருக்கும் டப்பாவை எடுக்க முடியவில்லை. சுவரில் விரலால் ஏணிபோல் ஏறச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் மூச்சை அடக்கிக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏறுவாள். பாதியில் கை விழுந்துவிடும். "மூச்ச விட்டுக்கிட்டே ஏத்தும்மா" என்றேன். "ஆமா, ஒங்களுக்கு வலிச்சாத்தான தெரியும்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் மறுவாரம் பார்த்தால், விடும்போது ஒரு விரல் ஏறுவது, இழுக்கும்போது நிற்பது என்று தானாகவே ஒரு கணக்கு வைத்துக்கொண்டிருந்தாள். தோள் விடுபட ஓராண்டுக்கு மேலாயிற்று. மூச்சு குணப்படுத்தியது என்று நான் சொல்ல மாட்டேன். பயிற்சியை நடுவில் நிறுத்தாமல் அவளைச் செய்யவைத்தது.

இனி என் மடத்தனம். 2011, ஒரு சனிக்கிழமை இரவு. தொப்புளைச் சுற்றி வலி. வாயு என்று நினைத்தேன். ஏழாண்டாக மூச்சுப் பயிற்சி செய்கிற திமிர் வேறு. மல்லாந்து படுத்து, வாயைக் குவித்து, மூன்றுக்கு ஆறு என்று விட்டுக்கொண்டே இருந்தேன். உண்மையிலேயே வலி மட்டுப்பட்டது, கண்கூட அயர்ந்தது. "டாக்டர்கிட்ட போலாங்க" என்று இவள் இரண்டு தடவை சொன்னாள். "இதோ கொறஞ்சுருச்சு பாரு" என்றேன். விடியற்காலையில் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது, வாந்தி, காய்ச்சல். குடல்வால் அழற்சி. இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் வெடித்திருக்கும் என்று அறுவை மருத்துவர் திட்டினார். மூச்சு வலியைத்தான் தணித்தது, வலிக்குக் காரணமானதை அல்ல. தணித்ததாலேயே நான் கிடந்தேன். அலாரம் அடிக்கிறது, நான் தலையணையால் அதைப் பொத்திக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

ஆகவே நெஞ்சு இறுக்கம், இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, திடீரென்று வந்த கடுந்தலைவலி, இடம்விட்டு இடம் நகரும் வயிற்றுவலி, காய்ச்சலோடு சேர்ந்த வலி, கால் மரத்துப்போகும் முதுகுவலி, இவற்றுக்கெல்லாம் முதலில் மருத்துவமனை. வண்டியில் போகும்போது மூச்சுவிட்டுக்கொள்ளலாம். கர்ப்பிணிகளும் இரத்தக் கொதிப்பு, இதய நோய் உள்ளவர்களும் மூச்சை அடக்கும் பயிற்சியும் கபாலபாதி போன்ற வேகப் பயிற்சியும் செய்ய வேண்டாம். மெதுவாக விடுவது மட்டும் போதும். தொலைக்காட்சியைப் பார்த்து நாற்பது வயதுக்கு மேல் திடீரென்று இவற்றில் இறங்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம்.

அந்த அறுவைக்குப் பிறகு கையில் ஒரு கருவியைக் கொடுத்தார்கள். மூன்று பிளாஸ்டிக் அறை, மூன்று பந்து, ஒரு குழாய். 2020-இல் கொரோனா வந்தபோது பல வீடுகளுக்குள் அது வந்துவிட்டது. பார்த்தால் ஊதத் தோன்றும், நானும் ஊதினேன். பந்து அசையவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரரும் ஊதிக்கொண்டிருந்தார். செவிலியர் வந்து சிரித்துவிட்டு, ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும் என்றார். வயிற்றில் தையல் இருக்கும்போது வலிக்குப் பயந்து மேலோட்டமாகவே மூச்சு விடுவோம். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி, சளி தேங்கி, நிமோனியா வரக்கூடும். அதனால் மெதுவாக உறிஞ்சிப் பந்தை எழுப்பி, சிறிது நேரம் நிறுத்தச் சொல்கிறார்கள். இருமல் வந்தால் தலையணையைத் தையல்மேல் அணைத்துக்கொண்டு இரும வேண்டும், வலி பாதியாகும். உறவினர் யாருக்காவது அறுவை என்றால் பழத்தோடு ஒரு சின்னத் தலையணையும் கொண்டுபோய்க் கொடுங்கள்.

நான் இப்போது உள்ளூர் ரயிலில் அதிகம் போவதில்லை. போகிற அன்று, மேல்கம்பியைப் பிடித்து நிற்கும்போது தோள் காதுக்கு ஏறிவிடுகிறதா என்று பார்த்துக்கொள்வேன். ஒரு நிலையத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே கிட்டத்தட்ட இருபது மூச்சு விட முடிகிறது. கூட்டம் நெருக்கினால் அதுவும் நடக்காது. தாணாவில் கொஞ்சம் இடம் கிடைத்தபின் மறுபடி எண்ணத் தொடங்குவேன்.